அமெரிக்காவில் ஓட்டு விழுவது இனத்துக்கா, கொள்கைக்கா? எதை வைத்துப் பேசுவது?

பாகான்_வாசகர்:

வணக்கம் மக்களே. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் நடக்கும் எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த அமர்வுக்கு “அமெரிக்க அரசியலில் இனம், குழு நலன், கொள்கை” என்று தலைப்பு வைத்திருக்கிறோம். இருபது பேர் வருவார்கள். பேச 45 நிமிடம், அப்புறம் கேள்வி.

சிக்கல் இதுதான். நம் ஆட்கள் கூடினால் பேச்சு இரண்டே தடத்தில் ஓடுகிறது. ஒன்று, “ஜனநாயகக் கட்சி சிறுபான்மையர் கட்சி, குடியரசுக் கட்சி வெள்ளைக்காரன் அம்னோ.” (அம்னோ நம் நாட்டின் மலாய்க்காரர் கட்சி.) இன்னொன்று, “அங்கே இனமே கிடையாது, எல்லாம் கொள்கைதான், நம்ம ஊரில்தான் இந்தக் கூத்து.” இரண்டுமே ஒட்டவில்லை. முதலாவது சரி என்றால் டெக்சாஸ் எல்லையில் இருக்கும் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வழியினர்) ஊர்கள் 2024-ல் ஏன் டிரம்ப்புக்குப் போட்டன? இரண்டாவது சரி என்றால் கறுப்பினத்தவரில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் ஒரே கட்சிக்குப் போடுவது எப்படி?

மலேசியாவோடு ஒப்பிடுவது எந்த இடத்தில் உடைகிறது? எந்த எண்ணை நம்பலாம், எதைச் சொன்னால் மாட்டிக்கொள்வேன்? அமெரிக்க இந்தியர்கள், குறிப்பாகத் தமிழர்கள், குழுவாக எதைச் சாதிக்க முடிகிறது, சட்டம் எதுவரை விடுகிறது? கமலா ஹாரிஸின் தாத்தா ஊர் துளசேந்திரபுரம் என்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அது ஏற்கெனவே ஆறு தடவை பேசியாயிற்று.

---

செந்தூல்_சிவா:

ஒப்பீடு உடைகிற இடம் கட்சி. நம் நாட்டில் இனம் கட்சியின் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. மஇகா (இந்தியர்), மசீச (சீனர்), அம்னோ (மலாய்க்காரர்) என்று ஆளுக்கொரு கட்சி, வேட்புமனுவுக்கு முன்பே மேலிடத்தில் தொகுதிப் பங்கீடு, ஓட்டுப் போடுகிறவனிடம் வரும்போது பேரம் முடிந்திருக்கும். அமெரிக்காவில் இன அடிப்படையில் உறுப்பினர் சேர்க்கும் பெரிய கட்சி இல்லை. கீழவையில் 435 இடம், எல்லாமே ஓர் உறுப்பினர் தொகுதி, பெரும்பாலான மாநிலங்களில் அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி. மூன்றாவது கட்சி பிழைக்காது. அதனால் எந்த இனக்குழுவும் இரண்டு கட்சிகளில் ஒன்றுக்குள் நுழைந்துதான் பேரம் பேச வேண்டும். பேரம் நடக்கிற இடம் பொதுத்தேர்தல் அல்ல, கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல்.

இதற்கு ஒரே உதாரணம் போதும். 2020 பிப்ரவரியில் பைடன் முதல் மூன்று மாநிலங்களில் தோற்றுத் திணறிக்கொண்டிருந்தார். பிப்ரவரி 26-ல் தென் கரோலினாவின் கறுப்பின எம்.பி. ஜிம் கிளைபர்ன் அவரை ஆதரித்தார். 29-ல் அங்கே முதனிலைத் தேர்தல். அந்த மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி முதனிலையில் ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். பைடன் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார், போட்டியே திரும்பிவிட்டது. நவம்பரில் அதே தென் கரோலினா குடியரசுக் கட்சிக்குத்தான் போனது. பொதுத்தேர்தல் வரைபடத்தை மட்டும் பார்க்கிறவன் கண்ணுக்கு இந்தப் பலம் தெரியவே தெரியாது. (புளோரிடா மாதிரி மாநிலங்களில் முதனிலை மூடிய வகை. கட்சியில் பதிவு செய்யாதவன் வெளியே நிற்க வேண்டியதுதான். “நான் நடுநிலை” என்று பெருமை பேசும் குழு அங்கே பேரத்திலேயே இருக்காது.)

இரண்டாவது வாசல் தொகுதி எல்லை. 1965 வாக்குரிமைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, சிறுபான்மையரின் ஓட்டைப் பிரித்து நீர்க்கச் செய்வதைத் தடுக்க வந்தது. அதை எப்படி நிரூபிப்பது என்று 1986-ல் வட கரோலினாவிலிருந்து வந்த கிங்கிள்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று படி வைத்தது. அந்தக் குழு ஒரு தொகுதியில் பெரும்பான்மையாகும் அளவுக்குப் பெரிதாகவும் நெருக்கமாகவும் வாழ வேண்டும். அவர்கள் ஒரே பக்கம் ஓட்டுப் போடுகிறவர்களாக இருக்க வேண்டும். வெள்ளையர் பெரும்பான்மை எதிர்ப்பக்கம் திரண்டு, அவர்கள் விரும்பும் வேட்பாளரை வழக்கமாகத் தோற்கடிக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வழக்கு நிற்காது. 2009-ல் முதல் படியை இன்னும் இறுக்கி, 50 விழுக்காட்டைத் தாண்டியே ஆக வேண்டும் என்றார்கள்.

அலபாமாவில் கறுப்பினத்தவர் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே, 7 தொகுதி. ஒன்றில்தான் அவர்கள் பெரும்பான்மை. 2023-ல் ஆலன் எதிர் மில்லிகன் தீர்ப்பு அதைத் தவறு என்றது, எல்லை திருத்தப்பட்டது, 2024-ல் இரண்டாவது தொகுதியிலும் கறுப்பின வேட்பாளர் ஜெயித்தார்.

சபையில் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டியது இதற்கு அடுத்தது. 2019-ல் ரூச்சோ வழக்கில், கட்சி லாபத்துக்காக எல்லையை வளைத்தால் மத்திய நீதிமன்றம் தலையிடாது என்றார்கள். இனத்தை வைத்து வளைத்தால் தலையிடும். ஆனால் கறுப்பினத்தவரில் மிகப் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சி என்றால் எது இனம், எது கட்சி? 2024 மே மாதம் தென் கரோலினா வழக்கில், இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டியது வழக்குத் தொடுத்தவர்கள் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. இந்தத் தீர்ப்புகளின்படி, குழு ஒற்றுமையாக ஓட்டுப் போட்டால்தான் 2-ஆம் பிரிவு பாதுகாக்கும், அதே ஒற்றுமையால்தான் “நாங்கள் கட்சியைப் பார்த்துத்தான் வெட்டினோம்” என்று எதிர்த்தரப்பு தப்பிக்கும். இனமா கொள்கையா என்ற உங்கள் தலைப்பு அங்கே நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய கேள்வி. இந்த வழக்குகள் வேகமாக நகர்கின்றன, அமர்வுக்கு முந்தைய நாள் புதுத் தீர்ப்பு ஏதும் வந்ததா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நமக்கு நெருக்கமான ஒப்பீடு வேண்டுமென்றால் கறுப்பினத்தவரை விட்டுவிட்டு அமெரிக்க இந்தியரைப் பாருங்கள். மலேசியாவில் இந்தியர் பெரும்பான்மையாக இருக்கும் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. அங்கேயும் அதே நிலைதான். பிரமிளா ஜெயபால் சியாட்டிலில், ராஜா கிருஷ்ணமூர்த்தி சிகாகோ புறநகரில் ஜெயித்தது இந்தியர் ஓட்டால் அல்ல. இன்னும் விசித்திரம் டெட்ராய்ட். 2022 முதனிலையில் 9 பேர் போட்டி, கறுப்பினத்தவர் ஓட்டு பல வேட்பாளர்களுக்குச் சிதறியது, சொந்தப் பணத்தை இறைத்த ஸ்ரீ தானேதார் 28 விழுக்காட்டோடு வேட்பாளராகி, நவம்பரிலும் ஜெயித்தார். இனம் எண்ணிக்கையில் இருந்தும், முதனிலையில் ஆளைக் குறைத்துக்கொள்ளத் தெரியாவிட்டால் இதுதான் நடக்கும். இந்தப் பாடம் நம்ம ஊருக்கும் தெரியும்.

---

கணக்கு_வாத்தியார்:

எண்கள் பற்றி நான் சொல்கிறேன். பெரும்பாலான சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் யாருடைய விழுக்காடு என்று பாருங்கள். 2020 கணக்கெடுப்பில் லத்தீனோ அல்லாத வெள்ளையர் 57.8, லத்தீனோ 18.7, கறுப்பினத்தவர் 12, ஆசியர் 6 விழுக்காடு. இது மக்கள்தொகை, வாக்காளர் தொகை அல்ல. லத்தீனோக்களில் 18 வயது ஆகாதவர் அதிகம், குடியுரிமை இல்லாதவர் அதிகம். அதனால் ஓட்டுப் போட்டவர்களில் அவர்கள் பங்கு பத்து, பன்னிரண்டு அளவுக்கு இறங்கிவிடும். நம் நாட்டில் 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது ஆனதும் பெயர் தானாகப் பட்டியலில் ஏறிவிடுகிறது. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, பல இடங்களில் நாமேதான் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை, குடியுரிமையும் வாக்கு வயதும் உள்ளவரை இனவாரியாகப் பிரித்துத் தனி அட்டவணை வெளியிடுகிறது. ஒரு தொகுதியைப் பற்றிப் பேசுவதென்றால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது யார் யாருக்குப் போட்டார்கள் என்பது. தேர்தல் இரவில் தொலைக்காட்சியில் வரும் வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பைச் சிறு குழுக்களுக்குப் பயன்படுத்தாதீர்கள். பியூ ஆய்வு மையம் பல மாதம் கழித்து ஒரு கணக்கு வெளியிடும். தன் ஆய்வில் பதில் சொன்னவரை மாநில வாக்காளர் பதிவோடு ஒப்பிட்டு, உண்மையிலேயே ஓட்டுப் போட்டவரை மட்டும் எண்ணுவது. அதன்படி:

கறுப்பினத்தவர்: 2020-ல் பைடனுக்கு 92, டிரம்ப்புக்கு 8. 2024-ல் ஹாரிஸுக்கு 83, டிரம்ப்புக்கு 15.
லத்தீனோ: 2020-ல் 61–36. 2024-ல் 51–48.
ஆசியர்: 2020-ல் 70–30. 2024-ல் 57–40.
வெள்ளையர்: 2024-ல் டிரம்ப்புக்கு 55, ஹாரிஸுக்கு 43.

இதைக் காட்டி “இத்தனை பேர் கட்சி மாறினார்கள்” என்று சொன்னால் தப்பு. போன தடவை போட்டவர் இந்தத் தடவை வீட்டில் உட்கார்ந்திருக்கலாம், போன தடவை வராதவர் இந்தத் தடவை வந்திருக்கலாம். ஒருவர்கூட மனம் மாறாமலே விழுக்காடு நகரும்.

மூன்றாவது, மாதிரி அளவு. ஒரு எளிய கணக்கு இருக்கிறது: 100-ஐ மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஏறக்குறையப் பிழை எல்லை வரும். 100 பேர் என்றால் கூட்டிக் குறைத்து 10 புள்ளி, 400 என்றால் 5. கார்னகி நிறுவனம் 2024-ல் அமெரிக்க இந்தியக் குடிமக்கள் 714 பேரிடம் எடுத்த ஆய்வு பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. ஹாரிஸுக்கு 60 விழுக்காட்டை ஒட்டி, டிரம்ப்புக்கு 30-ஐ ஒட்டி. 714-க்குப் பிழை 3.7, பரவாயில்லை. ஆனால் அதே ஆய்விலிருந்து “40 வயதுக்குக் கீழான இந்திய ஆண்கள்” என்று ஒரு துண்டைப் பிய்த்து எடுக்கிறார்களே, அந்தத் துண்டில் 150 பேர் இருந்தால் பிழை 8 புள்ளி. இரு பக்க இடைவெளி நாலு புள்ளி என்றால் அதில் செய்தியே இல்லை. “தமிழர் மட்டும்” என்று யாராவது விழுக்காடு சொன்னால் எத்தனை பேரிடம் கேட்டது என்று திருப்பிக் கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நாலாவது, ஊரை வைத்து ஆளை அளப்பது. 60 விழுக்காடு லத்தீனோ இருக்கும் வாக்குச்சாவடியில் டிரம்ப்புக்கு 55 விழுந்தது என்றால் லத்தீனோ என்ன செய்தார்கள் என்று தெரியாது, மீதி 40 மொத்தமாக ஒரே பக்கம் போயிருக்கலாம். அதனால்தான் 90-க்கு மேல் ஒரே இனம் வாழும் சாவடிகளைத் தேடுவார்கள். டெக்சாஸின் ஸ்டார் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) இதற்கு நல்ல உதாரணம். அங்கே 97 விழுக்காட்டை ஒட்டி லத்தீனோ, 2024-ல் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் ஜெயித்தார், 1892-க்குப் பிறகு முதல் தடவை. இந்த முடிவைச் சந்தேகப்பட இடமில்லை. ஆனால் அதையே நியூயார்க்கின் புவேர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு நீட்டக் கூடாது. ஸ்டார் கவுண்டியில் பல தலைமுறையாக எல்லையிலேயே வாழும் மெக்சிகோ வழியினர், எல்லைக் காவலும் எண்ணெயும் சோறு போடும் வட்டாரம். புவேர்ட்டோ ரிக்கோ மக்களோ 1917 முதல் பிறப்பிலேயே குடிமக்கள், குடிநுழைவுச் சட்டம் அவர்கள் வீட்டுப் பிரச்சினையே அல்ல. கணக்கெடுப்பில் கட்டம் ஒன்று, நலன் வேறு.

---

மாலா_பிரிக்பீல்ட்ஸ்:

சிவா அண்ணன் சொன்னதில் பாதிக்குத்தான் ஒத்துக்கொள்வேன். எல்லாவற்றையும் எல்லைக்கோட்டிலும் முதனிலையிலும் போட்டால் கொள்கை எங்கே போச்சு?

முதலில் ஒரு பழைய கணக்கு, இன்னும் அசைக்க முடியாதது. 1956 தேர்தலின்போது எடுத்த நேர்காணல்களை பிலிப் கான்வர்ஸ் என்ற அரசியல் அறிஞர் பிரித்துப் பார்த்து 1964-ல் எழுதினார். இடதுசாரி, வலதுசாரி என்ற சட்டகத்தைச் சரியாக வைத்துக் கட்சிகளை எடைபோட்டவர்கள் 2.5 விழுக்காடு. அரைகுறையாகச் செய்தவர்கள் 9. “இந்தக் கட்சி எங்க மாதிரி ஆட்களுக்கு நல்லது செய்யும்” என்று குழு நலனை வைத்துப் பேசியவர்கள் 42. மீதிப் பேர் அப்போதைய நிலவரத்தை வைத்தோ ஒன்றுமே இல்லாமலோ. உங்கள் இரண்டாவது தடத்துக்காரர்களுக்கு, அதாவது “அங்கே எல்லாம் கொள்கை” என்பவர்களுக்கு, இதைக் கொடுங்கள்.

அதே நேரம், குழு என்றால் தோல் நிறம் மட்டுமா? வெள்ளையரில் சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் 2024-ல் பத்துக்கு எட்டு பேர் டிரம்ப்புக்குப் போட்டார்கள். எந்தச் சமயமும் சாராத வெள்ளையர் பெருவாரியாக எதிர்ப்பக்கம். “வெள்ளையர் ஓட்டு” என்று ஒன்றைச் சொல்லும்போதே சட்டியில் இரண்டு குழம்பைக் கலந்த மாதிரி ஆகிவிடுகிறது. வெள்ளையர் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளருக்குப் போட்டது கடைசியாக 1964-ல். அந்த ஆண்டுதான் குடிமை உரிமைச் சட்டம் வந்தது, அதை எதிர்த்து ஓட்டளித்த கோல்டுவாட்டரைக் குடியரசுக் கட்சி நிறுத்தியது. லிங்கன் காலம் தொட்டு அந்தக் கட்சியோடு இருந்த கறுப்பினத்தவரில் பெரும்பகுதி 1936-லேயே ரூஸ்வெல்ட் பக்கம் வந்துவிட்டார்கள், மிச்சமும் 1964-ல் வந்தது. கொள்கையை இனம் இழுத்ததா, இனத்தைக் கொள்கை இழுத்ததா என்றால், இந்த ஓர் ஆண்டைச் சுற்றியே முக்கால்வாசி விவாதத்தை நடத்திவிடலாம்.

கறுப்பினத்தவரிடம் தனித்தனியாகக் கேட்டால் நிறையப் பேர் தங்களை மிதவாதி என்றோ பழமைவாதி என்றோதான் சொல்வார்கள். சமயப்பற்று அதிகம், தன்பாலினத் திருமணம் மாதிரி விஷயங்களில் தயக்கம் உண்டு. ஆனாலும் ஓட்டு ஒரே பக்கம். மைக்கேல் டாசன் 1994-ல் சொன்ன விளக்கம், தன் வாழ்வு இனத்தின் வாழ்வோடு பிணைந்தது என்ற உணர்வு: இனத்துக்கு எது நல்லதோ அதுவே எனக்கும் நல்லது என்று கணக்குப் போட்டால் நேரமும் மிச்சம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இஸ்மாயில் ஒயிட்டும் கிரில் லேர்டும் இன்னொன்றைச் சேர்த்தார்கள். உணர்வு மட்டுமல்ல, தேவாலயம், குடும்பம், கறுப்பினக் கல்லூரி எல்லாம் சேர்ந்து கொடுக்கும் சமூக அழுத்தம். பழமைவாதி ஒருவர் வெள்ளையர் வட்டத்தில் பழகினால் கட்சி மாறும் வாய்ப்பு கூடுகிறது. எனக்கு இந்த விளக்கம்தான் சரியாகப் படுகிறது. ஏனென்றால் 2024-ன் 83-ஐயும் இது ஓரளவு விளக்கும்: தேவாலயத்துக்குப் போகாத இளைஞரிடம் அந்தப் பிடி தளர்கிறது.

மயாமியின் கியூபர்கள், 1975-க்குப் பிறகு வந்த வியட்நாமியர், இவர்களிடம் கம்யூனிச எதிர்ப்பு என்பது கொள்கையா இன அடையாளமா என்று பிரிக்கவே முடியாது. ஊரைவிட்டு ஓடிவந்த காரணமே கொள்கை.

---

செந்தூல்_சிவா:

மாலா, சமூக அழுத்தத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அழுத்தம் ஏன் தேர்தலில் பலிக்கிறது என்றால் அவர்கள் நெருக்கமாக ஒரே இடத்தில் வாழ்வதால். குடியிருப்புப் பிரிவினை உருவாக்கிய தேவாலயம்தானே அது. ஐரிஷ்காரரையும் இத்தாலியரையும் எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர் என்பதற்காக கென்னடிக்கு 1960-ல் பத்தில் ஏழெட்டுப் பேர் போட்டார்கள். புறநகருக்குக் குடிபெயர்ந்து, கலப்புத் திருமணம் பெருகிய பிறகு கத்தோலிக்க ஓட்டு என்று ஒன்று மிஞ்சவில்லை. இரண்டாகப் பிளந்துவிட்டது.

---

தஞ்சோங்_தொக்கோங்_ஆள்:

இந்தியர், தமிழர் பகுதிக்கு வருகிறேன். முதலில் பெட்டி, அதாவது கணக்கெடுப்புப் படிவத்தில் இனத்தைக் குறிக்கும் கட்டம்.

1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், எனவே குடியுரிமை இல்லை என்றது உச்ச நீதிமன்றம். 1946-ல்தான் அந்தத் தடை நீங்கியது. 1970 கணக்கெடுப்பில் இந்தியரை வெள்ளையர் கணக்கிலேயே சேர்த்தார்கள்! 1970-களில் ஓர் இந்தியர் சங்கம் “எங்களைத் தனியாக எண்ணுங்கள்” என்று வாஷிங்டனில் மன்றாடி, 1980 படிவத்தில் “ஆசிய இந்தியர்” என்ற கட்டம் வந்தது. 1982-ல் சிறுதொழில் துறையின் சிறுபான்மையர் ஒப்பந்தச் சலுகையிலும் இடம் கிடைத்தது. “நமக்கெதற்கு இந்த முத்திரை, இருக்கும் நல்ல பேரும் கெடும்” என்று அன்றே எதிர்த்த இந்தியர்களும் உண்டு. அங்கே இனப்பிரிவு மேலிருந்து மட்டும் வருவதில்லை, குழுக்கள் கேட்டு வாங்குகின்றன. 2024 மார்ச்சில் மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கருக்குத் தனிப் பிரிவு வந்ததும் அப்படித்தான். அதுவரை அரபு மக்கள் வெள்ளையர் கணக்கு.

பெட்டி கிடைத்தால் நலன் ஒன்றாகிவிடுமா? ஆகாது. வேலைவழி நிரந்தர வசிப்புரிமை ஆண்டுக்கு 140,000-ஐ ஒட்டி, எந்த ஒரு நாட்டில் பிறந்தவருக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. அதனால் இந்தியாவில் பிறந்தவர் வரிசை பல ஆண்டு நீளம். இந்த 7 விழுக்காட்டை எடுக்கும் மசோதா 2019 ஜூலையில் கீழவையில் 365–65 என்று நிறைவேறியது. மேலவை 2020 டிசம்பரில் வேறு வடிவத்தில் நிறைவேற்றியது. இரண்டும் ஒன்றாகவில்லை, காலாவதியானது. காரணம் எளிது: மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் உச்சவரம்பை மட்டும் எடுத்தால் இந்தியர் வரிசை குறையும், மற்ற நாட்டவர் வரிசை நீளும். அந்த மற்ற நாட்டவரில் ஆசியரும் உண்டு. கல்லூரி அனுமதியிலும் இதே கதை. 2023-ல் ஹார்வர்டு வழக்கில் இனம் பார்ப்பதை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. ஆசிய மாணவர் பெயரால் வந்த வழக்கு, ஆனால் ஆசியச் சங்கங்கள் பல எதிர்த்தரப்பில் நின்றன.

இனி அமைப்பு. பார்க்க வேண்டியது அமைப்பின் வகை.

தமிழ்ச் சங்கம், தமிழ்ப்பள்ளி மாதிரி வரிவிலக்குள்ள அறநிறுவனம் வாக்காளர் பதிவு முகாம் நடத்தலாம், வேட்பாளர்கள் எல்லாரையும் அழைத்துக் கேள்வி கேட்கலாம். ஒருவரை ஆதரித்து மேடையில் ஒரு வரி சொன்னாலும் வரிவிலக்குக்கே ஆபத்து. அதனால் அரசியல் செய்ய விரும்புகிறவர்கள் தனியாக அரசியல் நிதிக்குழு பதிவு செய்வார்கள். ஓர் ஆண்டில் 1,000 டாலருக்கு மேல் வசூலித்தாலோ செலவழித்தாலோ 10 நாளுக்குள் மத்தியத் தேர்தல் ஆணையத்தில் பதிய வேண்டும். பொருளாளர் இல்லாமல் ஒரு காசு வாங்கக் கூடாது. தனிநபர் ஆண்டுக்கு 5,000 டாலர் வரை குழுவுக்குத் தரலாம். குழு ஆறு மாதம் பழையதாகி, 50 பேருக்கு மேல் நன்கொடையாளர் சேர்ந்து, 5 வேட்பாளருக்குக் கொடுத்த பிறகுதான் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் தரும் தகுதி வரும்.

இங்கேதான் நம்மவர் வழுக்குவது. நிரந்தர வசிப்புரிமை உள்ளவர் ஓட்டுப் போட முடியாது, ஆனால் நன்கொடை தரலாம். வேலை விசாவில் இருப்பவர் இரண்டுமே கூடாது. தமிழ் விழாவில் தட்டு ஏந்தி வசூலித்தால் யார் எந்த நிலையில் என்று தெரியாமலே சட்டத்தை மீறியதாகிவிடும். மலேசியாவில் இருக்கும் அண்ணன் தம்பி பணம் அனுப்புவது முற்றிலும் தடை.

வெளிநாட்டுக் கட்சி சொல்லி நடந்தால் 1938 சட்டப்படி வெளிநாட்டு முகவராகப் பதிய வேண்டும். பா.ஜ.க.வின் அமெரிக்க நண்பர்கள் அமைப்பு 2020-ல் பதிந்தது. ஈழத்தமிழர் விவகாரத்தில் இன்னும் கடுமை. 1997-ல் விடுதலைப் புலிகள் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அமைதிவழிப் பேச்சுவார்த்தை, சட்ட வழி இவற்றைக் கற்றுத் தருவதுகூடக் குற்றமா என்று சில அமைப்புகள் கேட்டன, அவற்றில் அமெரிக்கத் தமிழர் அமைப்புகளும் உண்டு. 2010-ல் 6–3 என்று தீர்ப்பு: தடைசெய்த அமைப்போடு சேர்ந்து செய்தால் குற்றம், தனியாக நின்று குரல் கொடுத்தால் உரிமை. அதனால் அங்குள்ள தமிழ் அமைப்புகள் இந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

தமிழில் வாக்குச்சீட்டு உண்டா என்று யாராவது கேட்பார்கள். மத்தியச் சட்டத்தில் ஓர் ஊரில் ஒரே மொழிக்குழுவைச் சேர்ந்த, ஆங்கிலம் போதாத வாக்கு வயதுக் குடிமக்கள் 10,000-ஐயோ 5 விழுக்காட்டையோ தாண்ட வேண்டும். குவீன்ஸில் வங்காளமும் சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் இந்தியும் அப்படி வந்தவை. தமிழர் ஆங்கிலம் தெரிந்தே வருகிறார்கள், பரந்து கிடக்கிறார்கள். அந்த எண்ணைத் தொடுவது கடினம்.

---

பாகான்_வாசகர்:

அருமை, எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி வாத்தியார் சார். நன்கொடைப் பட்டியல் ஆணையத் தளத்தில் பெயரோடு கிடைக்கிறதாமே. அதில் தமிழ்ப் பெயர்களை எண்ணி “தமிழர் இவ்வளவு கொடுத்தார்கள்” என்று சொல்லலாமா?

---

கணக்கு_வாத்தியார்:

பட்டியல் கிடைக்கும், 200 டாலருக்கு மேல் கொடுத்தவர் பெயர், தொழில், முதலாளி எல்லாம் இருக்கும். ஆனால் தமிழரை எண்ண முடியாது. அங்குள்ள ஆய்வாளர்கள் கணக்கெடுப்புத் துறையின் குடும்பப்பெயர்ப் பட்டியலையும் குடியிருக்கும் வட்டாரத்தையும் சேர்த்து இனத்தை ஊகிப்பார்கள். கார்சியா, நுயென், பட்டேல் என்றால் நன்றாக வேலை செய்யும். தமிழருக்குக் குடும்பப்பெயரே இல்லை, அப்பா பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நம்ம ஊர் அடையாள அட்டையில் ஏ/எல் (இன்னாரின் மகன்) போட்டு வரும் அப்பா பெயரை அங்கே கடைசிப் பெயர் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்பா பெயர் தாமஸ், ஜோசப் என்றால் ஆள் வெள்ளையர் கணக்கில் போய்விடுவார். கயானா, டிரினிடாட் வழி வந்தவர் பெர்சாத் என்று இந்தியராகத் தெரிவார், ஆனால் படிவத்தில் என்ன கட்டம் தட்டினார் என்பது வேறு. குமார் என்றால் பீகாரா கோவையா? தென் மாநிலங்கள் சிலவற்றில் வாக்காளர் பதிவுப் படிவத்திலேயே இனம் கேட்கிறார்கள், வட கரோலினா, ஜார்ஜியா, புளோரிடா மாதிரி. அங்கே ஊகம் தேவையில்லை, ஆனால் “ஆசியர்” வரைதான், மொழி தெரியாது.

இன்னொன்று. 2020 கணக்கெடுப்புப் படிவத்தின் இனக் கேள்விப் பக்கத்தை இருபது பிரதி அச்சடித்து, பேச்சுக்கு முன்னாலேயே கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். பினாங்குக் கூட்டத்தில் சீனத் தாய், இந்தியத் தந்தை உள்ளவர் ஒருவராவது இருப்பார், இந்திய முஸ்லிம் இருப்பார். இங்கே பிறப்புப் பத்திரத்தில் பெரும்பாலும் அப்பாவின் இனமே ஏறும். அந்தப் படிவத்தில் 2000 முதல் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் தட்டலாம், சமயத்தைக் கேட்கவே மாட்டார்கள். நிரப்பிய தாள்களை வாங்கிக் கூட்டிப் பாருங்கள், மொத்தம் இருபதைத் தாண்டும். அங்கிருந்து பேச்சைத் தொடங்கினால் 45 நிமிடம் போதாது, தேநீரைக் கேள்வி நேரத்துக்குப் பிறகு வையுங்கள்.